பச்சைக் குழந்தைக்கு ஒரு போர்வை: 64,800 கண்ணி, 36 மணி நேரம்!

சென்னையில் ஒரு கிரவுண்டு நிலம் வாங்குவதற்குள் மனிதனுக்கு முதுகு ஒடிந்து விடுகிறது.

ஆனால் இதே சென்னையில் 50 கிரவுண்டு பரப்புக்குப் போர்வை பின்னி விரித்துக் காட்டினார்கள் பெண்கள்!

எந்திரத்தில் நெய்த போர்வை அல்ல. கையால் பின்னியது. சமையலை முடித்து விட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி விட்டு, கிடைத்த நேரத்தில் கண்ணி கண்ணியாகப் பின்னிச் சேர்த்தது.

அப்படிப் பின்னியது சும்மா வேடிக்கை காட்ட அல்ல. சாதனை முடிந்ததும் போர்வைகளை ஏழைகளுக்குக் கொடுப்பது என்பது திட்டம்.

"நாமும் ஒன்று பின்னிக் கொடுக்கலாமே!" என்று நினைக்கிறீர்களா? கொடுக்கலாம். பஸ்சில் போகிறவர், கடையில் உட்கார்ந்து இருப்பவர், ஆபீசில் வேலை பார்ப்பவர் யாரும் பின்னலாம். ஆனால் பச்சைக் குழந்தை விஷயம் என்பதால் சில சங்கதிகளைத் தெரிந்து கொண்டு பின்ன வேண்டும். தெரியாமல் கொடுத்தால் புண்ணியத்துக்குப் பதிலாகப் பாவம் வந்து சேரும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கின்னஸ் போர்வை

சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் என்ற பெண்மணி, குரோஷா பின்னல் தெரிந்த பெண்களை எல்லாம் ஒன்று சேர்த்தார். குழுவுக்கு "மதர் இந்தியாஸ் குரோஷா குயின்ஸ்" என்று பெயர்.

2016-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி சென்னையில் போர்வையை விரித்தார்கள். தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை ஒன்றோடு ஒன்று இணைத்து ஒரே போர்வை ஆக்கி இருந்தார்கள்.

அளந்து பார்த்தால் 11 ஆயிரத்து 148.5 சதுர மீட்டர்! நமக்குப் புரிகிற கணக்கில் 1 லட்சத்து 20 ஆயிரம் சதுர அடி. ஒரு கிரவுண்டு 2 ஆயிரத்து 400 சதுர அடி. வகுத்துப் பாருங்கள். சரியாக 50 கிரவுண்டு.

கின்னஸ் புத்தகக்காரர்கள் "உலகிலேயே பெரிய குரோஷா போர்வை" என்று சான்று கொடுத்தார்கள்.

ஒரு குழந்தைப் போர்வை 40 அங்குல நீளம், 40 அங்குல அகலம் என்று வைத்துக் கொண்டால், அந்தப் பரப்பில் 10 ஆயிரத்து 800 குழந்தைகளுக்குப் போர்த்தலாம்.

ஜெயிலுக்குள் பின்னல்

சென்னைப் பெண்கள் யாருடைய சாதனையை முறியடித்தார்கள் தெரியுமா? தென்னாப்பிரிக்காக்காரர்களின் சாதனையை.

அது ஒரு சுவையான கதை. நெல்சன் மண்டேலா 67 ஆண்டுகள் மக்களுக்காக உழைத்தார். அவருடைய உதவியாளராக இருந்தவர் செல்டா லா கிரேஞ்ச். இவர் 2013-ம் ஆண்டு கடைசியில், கரோலின் ஸ்டெய்ன் என்ற பெண்ணிடம் ஒரு சவால் விட்டார்.

"மண்டேலாவின் பிறந்த நாளான ஜூலை 18-ந் தேதிக்குள் 67 போர்வை பின்னி ஏழைகளுக்குக் கொடு பார்க்கலாம்" என்பதே சவால்.

கரோலின் ஒத்துக் கொண்டார். பிறகுதான் தெரிந்தது, தனி ஆளாக 67 போர்வை பின்ன முடியாது என்று! சினேகிதிகளைக் கூப்பிட்டார். அவர்கள் தங்கள் சினேகிதிகளைக் கூப்பிட்டார்கள். கூட்டம் கிடுகிடு என்று வளர்ந்து நாடு முழுவதும் பரவியது.

ஆண்களும் ஊசியை எடுத்தார்கள். ஜெயில் கைதிகளும் பின்னக் கற்றுக் கொண்டார்கள்.

2015-ம் ஆண்டு ஏப்ரலில் பிரிட்டோரியா நகரில் 3 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் போர்வை விரித்து கின்னஸ் சாதனை செய்தார்கள். ஒன்பதே மாதத்தில் சென்னை அதைத் தூக்கி அடித்தது.

அவர்கள் சும்மா இருப்பார்களா? 2016 ஏப்ரலில் 17 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் போர்வை விரித்து சாதனையைத் திரும்பப் பிடித்துக் கொண்டார்கள். விரித்த இடம் ஒரு ஜெயில். 1990-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி மண்டேலா விடுதலையாகி வெளியே நடந்து வந்தாரே, அதே ஜெயில்!

இந்தப் போட்டியில் யார் தோற்றாலும் ஏழைக்கு லாபம். சாதனை இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் போர்வை மிஞ்சும்.

ஒரு படம் செய்த வேலை

அமெரிக்காவிலும் இப்படி ஒரு சேவை நடக்கிறது. 1995-ம் ஆண்டு டென்வர் நகரில் கேரன் லவுக்ஸ் என்ற பெண், புற்றுநோயால் அவதிப்படும் ஒரு சிறுமியின் கதையைப் பத்திரிகையில் படித்தார். சிகிச்சையின்போது அந்தச் சிறுமிக்கு ஆறுதலாக இருந்தது அவளுடைய சின்னப் போர்வைதான். படமும் வந்திருந்தது.

உடனே கேரன், நோயாளிக் குழந்தைகளுக்குப் போர்வை பின்னிக் கொடுக்கத் தொடங்கினார். "புராஜெக்ட் லைனஸ்" என்று பெயர் வைத்தார். போர்வையைக் கையில் பிடித்தபடியே திரியும் ஒரு கார்ட்டூன் சிறுவனின் பெயர் லைனஸ்.

நாகர்கோவில் லேஸ்

நம் பக்கத்துப் பெண்களுக்கும் நூல் வேலை புதிது அல்ல. 200 ஆண்டுகளுக்கு முன்பே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற வெள்ளைக்கார மிஷனரிப் பெண்மணி லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்.

அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். லேஸ் பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்து வைத்து, அந்தப் பணத்தைக் கட்டி அடிமைத்தனத்தில் இருந்து விடுதலை பெற்ற பெண்கள் உண்டு என்று மிஷன் குறிப்புகள் கூறுகின்றன.

நூலும் ஊசியும் பொழுதுபோக்கு மட்டும் அல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

"வெயில் ஊரில் போர்வை எதற்கு?"

"எல்லாம் சரி சார், சென்னை வெயிலுக்கு யாராவது குழந்தைக்குப் போர்வை போர்த்துவார்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நமக்கு வியர்க்கிறது என்பதால் பச்சைக் குழந்தைக்கும் வியர்க்கும் என்று நினைப்பது தப்பு.

தாயின் வயிற்றில் 37 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் 9 மாதம் மிதந்த குழந்தை, திடீர் என்று வெளியே வருகிறது. உடம்பு முழுவதும் ஈரம். ஆபரேஷன் பிரசவம் என்றால் ஏர்கண்டிஷன் அறை வேறு.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு சொல்கிறது. 23 டிகிரி சூடு உள்ள அறையில், துணி இல்லாமல் கிடக்கும் பச்சைக் குழந்தையின் உடம்பில் இருந்து எவ்வளவு சூடு போகுமோ, அது 0 டிகிரி குளிரில் பெரிய மனிதர் துணி இல்லாமல் நின்றால் போகிற சூட்டுக்குச் சமம்!

23 டிகிரி என்பது நமக்கு மார்கழி மாதத்து இதமான காலை. குழந்தைக்கு அது பனிக்கட்டி.

நாலு வழியில் போகும் சூடு

குழந்தை உடம்பில் இருந்து சூடு நாலு வழியில் வெளியேறும்.

ஒன்று:- மேலே உள்ள ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக் கொண்டு போகும்.

இரண்டு:- குளிர்ந்த தராசிலோ, மேஜையிலோ படுக்க வைத்தால் அது சூட்டை உறிஞ்சும்.

மூன்று:- மின்விசிறிக் காற்றும் ஜன்னல் காற்றும் அடித்துக் கொண்டு போகும்.

நாலு:- பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த சுவர், தொடாமலே சூட்டை இழுக்கும்.

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கும். நடுங்கினால் சூடு பிறக்கும். பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. கழுத்துப் பக்கத்திலும் தோள்களுக்கு நடுவிலும் ஒருவிதப் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. அதை எரித்துத்தான் சூடு உண்டாக்க வேண்டும். எரிக்க சர்க்கரை வேண்டும், பிராணவாயு வேண்டும்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் குறைவு. சூடு இறங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். மூச்சு திணறும். பால் குடிக்காது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

இரண்டரை கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைகளை டாக்டர்கள் தனிக் கவனத்துடன் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பச்சைக் குழந்தையின் உடம்பு சூடு 97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். வீட்டில் சுலபமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு கதகதப்பு, கால் மட்டும் சில்லென்று இருந்தால் குழந்தைக்குக் குளிர ஆரம்பித்து விட்டது என்று அர்த்தம். இரண்டும் சில்லென்று இருந்தால் நெஞ்சோடு அணைத்துக் கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கங்காரு வைத்தியம்

போர்வைக்கும் மேலான போர்வை ஒன்று உண்டு. அது தாயின் மார்பு.

1978-ம் ஆண்டு. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் ஓர் ஆஸ்பத்திரி. குறை மாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள். ஒன்றுக்கு வந்த நோய் மற்றதற்கும் தொற்றியது.

எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் ஒரு யோசனை செய்தார். குழந்தையைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாகக் கட்டி வைத்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போல! குழந்தைகள் தேறின. "கங்காரு வைத்தியம்" என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது.

இந்தியா உள்பட 5 நாடுகளில் இதை ஆராய்ந்து, 2021-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். எடை மிகக் குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே கங்காரு முறையில் அணைத்து வைத்ததில், முதல் 28 நாட்களில் இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது.

அப்படி அணைத்து வைத்திருக்கும்போது குழந்தைக்குத் தலையில் தொப்பி, காலில் காலுறை, முதுகுக்கு மேல் ஒரு போர்வை. இங்கேதான் நாம் பின்னும் போர்வைக்கு உண்மையான வேலை இருக்கிறது. தாயை ஒதுக்கி விட்டு அல்ல, தாயோடு சேர்த்து!

பாட்டியின் பழஞ்சேலை

நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டார்கள். பாட்டியின் பழைய பருத்திச் சேலையைத் துவைத்து, காய வைத்து, அதில்தான் சுற்றுவார்கள்.

வெறும் சம்பிரதாயம் என்று இதைத் தள்ளி விட வேண்டாம். பலமுறை துவைத்த பருத்தி மெத்தென்று இருக்கும். புதுத்துணியின் கஞ்சியும் மொரமொரப்பும் கிடையாது. வியர்வையை உறிஞ்சும். குழந்தையின் தோல் பூ மாதிரி. அதற்குப் பழந்துணிதான் சுகம்.

போர்வை பின்னுகிறவர்கள் இந்தப் பாட்டி வைத்தியத்தை மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். பார்க்க அழகு என்பதைவிடத் தொட மென்மை முக்கியம்.

எந்த நூல் நல்லது?

கடைக்குப் போனால் மூன்று வித நூல் கிடைக்கும்.

கம்பளி நூல்:- ஆட்டு ரோமம். ஈரம் பட்டாலும் கதகதப்பு போகாது. சட்டென்று தீப்பிடிக்காது. ஆனால் சில குழந்தைகளுக்கு உறுத்தும். வெந்நீரில் துவைத்தால் சுருங்கிப் போகும். ஊட்டி, கொடைக்கானல் குழந்தைகளுக்கு ஏற்றது.

அக்ரிலிக் நூல்:- "உல்லன்" என்று கடைகளில் விற்பதில் பெரும்பாலும் இதுதான். விலை மலிவு. பல கலர்களில் கிடைக்கும். துவைக்க சுலபம். ஆனால் நெருப்பு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக் கொள்ளும். காற்றோட்டமும் குறைவு.

பருத்தி நூல்:- வியர்வையை உறிஞ்சும். வெந்நீரில் துவைக்கலாம். உறுத்தாது. கொஞ்சம் கனமாக இருக்கும், காய நேரம் ஆகும். சென்னைக்கு இதுவே பொருத்தம்.

ரோமம் ரோமமாக எழும்பி நிற்கும் நூலை மட்டும் தொடாதீர்கள். அந்த ரோமம் குழந்தையின் மூக்கிலும் வாயிலும் போகும்.

64,800 எப்படி வந்தது?

இரண்டு ஊசியில் பின்னுவது ஒரு வகை. கொக்கி போல் வளைந்த ஒரே ஊசியில் பின்னுவது குரோஷா. சென்னைப் பெண்கள் கின்னஸ் வாங்கியது குரோஷாவில். புதிதாகக் கற்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம்.

இரண்டு ஊசிக் கணக்கைப் பார்ப்போம். போர்வை ஒரு கஜம் நீளம், ஒரு கஜம் அகலம். அதாவது 36 அங்குலம்.

நடுத்தர நூல், 8-ம் நம்பர் ஊசி. ஓர் அங்குல அகலத்தில் 5 கண்ணி விழும். ஓர் அங்குல நீளத்துக்கு 10 வரிசை.

அகலத்துக்கு 180 கண்ணி. நீளத்துக்கு 360 வரிசை. பெருக்கினால் 64 ஆயிரத்து 800 கண்ணி!

கை பழகியவர் நிமிஷத்துக்கு 30 கண்ணி போடுவார் என்று வைத்துக் கொண்டால், 2 ஆயிரத்து 160 நிமிஷம். அதாவது 36 மணி நேரம். புதியவருக்கு இரண்டு மடங்கு ஆகும். நூல் 400 முதல் 600 கிராம் வரை பிடிக்கும்.

"அடேயப்பா! 36 மணி நேரத்துக்கு நான் எங்கே போவேன்?" என்று மலைக்க வேண்டாம். அதற்கும் வழி இருக்கிறது.

ரெயிலில் ஒரு சதுரம்

போர்வையை ஒரே துண்டாகப் பின்னாமல், 6 அங்குலச் சதுரங்களாகப் பின்னுங்கள். ஒரு சதுரத்துக்கு 30 கண்ணி, 60 வரிசை. மொத்தம் 1,800 கண்ணி. கை பழகி விட்டால் ஒரே மணி நேரம்!

வரிசைக்கு 6 சதுரம் வீதம் 6 வரிசை. 36 சதுரங்களைத் தைத்துச் சேர்த்தால் போர்வை தயார்.

தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. 18 வேலை நாளில் ஒரு குழந்தைக்குப் போர்வை! செல்போனைத் தேய்க்கிற விரல், அந்த நேரத்தில் ஊசியைப் பிடிக்கட்டும்.

உட்கார இடம் கிடைத்தால் மட்டும் பின்னுங்கள். நெரிசலில் நின்றுகொண்டு கூரான ஊசியை ஆட்டினால் பக்கத்துப் பயணி சும்மா விட மாட்டார். நெரிசலுக்கு மொண்ணையான குரோஷா ஊசி நல்லது.

ஒரு ஆபீசில் 36 பேர் இருந்தால் இன்னும் சுலபம். ஆளுக்கு ஒரு சதுரம். ஒரே நாளில் ஒரு போர்வை. கடைக்காரர்கள் மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் ஒரு சதுரம் போடலாம். ஆண்கள் பின்னினால் கேலி செய்வார்களே என்ற கூச்சம் வேண்டாம். தென்னாப்பிரிக்கக் கைதிகளுக்கே வராத கூச்சம் நமக்கு எதற்கு?

எல்லோரும் ஒரே கன நூலும் ஒரே நம்பர் ஊசியும் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் சதுரம் பெரிதாகவும் இன்னொருவர் சதுரம் சிறிதாகவும் போய் போர்வை கோணிக் கொள்ளும். துவைத்தால் சாயம் போகாத நூலாகவும் பார்த்து வாங்குங்கள்.

பாச்சா உருண்டை ஆபத்து!

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்.

பின்னி முடித்த போர்வையை பீரோவில் வைக்கும்போது, பூச்சி அரிக்காமல் இருக்க நாம் பாச்சா உருண்டை போட்டு வைப்போம். பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கும் துணியில் அதைப் போடவே கூடாது!

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் "ஜி-6-பி-டி" என்ற சத்து குறைவாக இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அந்தக் குழந்தைக்கு நாப்தலின் உருண்டை வாசனை பட்ட துணியைச் சுற்றினால், ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை கடுமையாகும். முற்றினால் மூளையைப் பாதிக்கும்.

எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். வேப்பிலை போட்டு வைத்தால் போதும். அதையும் கொடுப்பதற்கு முன் உதறி, துவைத்து, வெயிலில் காய வைத்துக் கொடுங்கள். சென்ட், வாசனைப் பவுடர் எதுவும் வேண்டாம்.

விரல் மாட்டும், நூல் சுற்றும்

பெரிய பெரிய ஓட்டை விழும் டிசைன் பார்க்க அழகு. ஆனால் குழந்தையின் விரல் அதில் மாட்டிக் கொள்ளும். நெருக்கமாகப் பின்னுங்கள்.

நூல் நுனி தொங்கக் கூடாது. தொங்கும் நூல் குழந்தையின் கால் விரலில் சுற்றிக் கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துப் போகும். குழந்தை வீறிட்டு அழும். காரணம் தெரியாமல் கிரைப் வாட்டர் கொடுத்துக் கொண்டிருப்போம்! சதுரங்களைச் சேர்க்கும் இடத்தில் ஒவ்வொரு நுனியையும் ஊசியில் கோத்து உள்ளே நுழைத்து விடுங்கள்.

பட்டன், மணி, குஞ்சம், ரிப்பன் எதுவும் கூடாது. பிய்ந்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

தூங்கும்போது எப்படி?

தனியாகத் தூங்கும் குழந்தையின் மேல் போர்வையைத் தளர்வாகப் போட்டு விட்டுப் போகக் கூடாது. அது முகத்தில் ஏறி மூச்சை அடைக்கும். ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை வேண்டாம் என்பது குழந்தை டாக்டர்கள் சொல்லும் விதி.

அப்படியானால் போர்வை எப்போது? தாய் நெஞ்சோடு அணைத்திருக்கும்போது. பால் கொடுக்கும்போது. ஆஸ்பத்திரியில் இருந்து ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது. மழை நாளில் ஊசி போட எடுத்துப் போகும்போது. யாராவது ஒரு பெரியவர் கண் குழந்தையின் மேல் இருக்கும்போது எல்லாம் போர்வை நல்லது.

சித்திரை, வைகாசி வெயிலில் மூடி மூடி வைப்பதும் தப்பு. குழந்தையின் முகம் சிவந்து, கழுத்து வியர்த்தால் போர்வையை எடுத்து விட வேண்டும்.

போர்வையோடு இந்த விவரங்களைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக் கொடுங்கள். சீட்டுக்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு உயிரைக் காப்பாற்றும்.

யாரிடம் கொடுப்பது?

பின்னி முடித்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடாதீர்கள். முதலில் போய்க் கேளுங்கள்.

எழும்பூர் தாய்-சேய் ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கியது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885-ல் வந்தது. தலைமுறை தலைமுறையாக சென்னைக் குழந்தைகள் கண் விழித்த இடங்கள். இப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிகளில் குறை மாதக் குழந்தைகள் இருக்கும் வார்டுக்குள் வெளித்துணியைச் சும்மா விட மாட்டார்கள். கிருமி தொற்றும் என்ற பயம். அவர்கள் முறைப்படி வெந்நீரில் துவைத்துத்தான் எடுப்பார்கள். அதனால் எந்த நூல், எந்த அளவு, எத்தனை வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுப் பின்னுவதே புத்திசாலித்தனம்.

ஆதரவற்ற குழந்தைகளை வளர்க்கும் இல்லங்களிலும் கேட்கலாம். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ம் ஆண்டு தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டு வந்தது நினைவிருக்கும். "எனக்கு" என்று ஒரு துணி இல்லாமல் உலகத்துக்கு வரும் குழந்தைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பின்லாந்து நாட்டில் 1938-ம் ஆண்டு முதல், பிள்ளை பெறும் ஏழைத் தாய்மார்களுக்கு அரசாங்கமே ஒரு பெட்டி நிறையக் குழந்தைச் சாமான் கொடுத்தது. 1949 முதல் ஏழை பணக்காரர் பாராமல் எல்லாத் தாய்மாருக்கும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் 2015-ம் ஆண்டு, அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்குத் துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை என்று 16 சாமான்கள் கொண்ட பரிசுப் பெட்டகம் தொடங்கினார்கள்.

"அரசாங்கம் கொடுக்கிறதே, நாம் எதற்கு?" என்று கேட்கலாம். அரசாங்கம் ஒரே அளவில் எல்லோருக்கும் கொடுக்கும். கொடுக்கவும் வேண்டும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காக, முன்பின் தெரியாத ஒருவர் 36 மணி நேரம் உட்கார்ந்து பின்னியது என்றால், அந்தத் தாய்க்கு அது வேறு விதமான தைரியம் கொடுக்கும்.

புதுப்போர்வை வாங்க அவ்வளவு பணம் ஆகாது என்பதும் நிஜம். அவசரத்துக்கு வாங்கிக் கொடுப்பதே சரி. அதில் தப்பு இல்லை. நேரம் இருப்பவர் பின்னட்டும். காசு இருப்பவர் நூல் வாங்கித் தரட்டும். இரண்டும் இல்லாதவர், பாச்சா உருண்டை விஷயத்தைப் பக்கத்து வீட்டில் சொல்லட்டும். அதுவும் ஒரு தர்மம்தான்.

50 கிரவுண்டு போர்வையும் முதலில் ஒரு கண்ணியில்தான் தொடங்கியது. உங்கள் ஊசியில் இன்னும் 64 ஆயிரத்து 799 பாக்கி!